இரண்டு பனியன்

என் அளவு தொண்ணூறு.
எண்பத்தைந்து கேட்டு வாங்குவேன்.
ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு,
அதன் மேல் சட்டை.
கத்திரி வெயிலிலும் அப்படித்தான்.
முதுநகர் ஐஸ் கம்பெனியில்
வெற்றுடம்போடு பாளம் தள்ளுகிறவர்கள்
"குளிருதாடா பாவாடை?" என்பார்கள்.
ஆமாம் என்பேன்.

பாவாடை என் பெயர்.
பாவாடைராயனுக்கு வேண்டிக்கொண்டு வைத்தது.
இந்தப் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் இருப்போம்,
யாரும் சிரிக்கமாட்டார்கள்.
ஏழாம் வகுப்பில்
கபடிக்குச் சட்டை கழற்றிய அன்றுதான்
என் பெயரும் என் மார்பும்
ஒன்றையொன்று கண்டுகொண்டன.
பிறகு சிரித்தார்கள்.

கெஜட்டில் மாற்றிவிடலாம், செலவு கம்மி
என்றார் ஒரு வக்கீல் குமாஸ்தா.
சாமி பெயர், இருக்கட்டும் என்றேன்.

மற்றதை மாற்றத்தான்
புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.
பெண்ணையாற்றுப் பாலம். முள்ளோடை.
எல்லை தாண்டியதும் வரிசையாய்க் கடைகள்.
இறங்கிவிடலாமா என்று
முருங்கப்பாக்கம் வரை யோசித்தேன்.

கிளினிக் சுவரில்
முன், பின் என்று இரண்டு படம்.
இரண்டிலும் ஆளுக்குத் தலையில்லை.
"மிஸ்டர் பாவாடை!"
தொப்பி போட்ட பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.
சிரிக்கவில்லை.
அவனுக்கு அவன் தலை.

டாக்டர் ஷாந்தால் ஒரு பெண்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
ஒரு பனியனைக் கழற்றினேன்.
"இன்னொண்ணும்" என்றார்.

எத்தனை வருஷமா? வலி உண்டா?
ரெண்டு பக்கமுமா? பீடி?
ஜிம் பவுடர், நாட்டு மருந்து ஏதாவது?
முதல்ல ரத்தம் பாக்கணும், ஈரல், தைராய்டு.
காரணம் உள்ள இருந்தா
கத்தி வெச்சுப் பிரயோசனமில்ல.
காம்போரம் பிறை மாதிரி ஒரு தழும்பு நிக்கும்.
கொஞ்ச நாள் மரத்துக் கிடக்கும்,
சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போறதும் உண்டு.
ரெண்டும் ஒண்ணுபோல வரும்னு
நான் சத்தியம் பண்ணமாட்டேன்.
ஆறு வாரம் இறுக்கமான பனியன்,
ராத்திரியும் கழட்டக் கூடாது.

அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.
முப்பத்தொரு வருஷமாப் போட்டிருக்கேன், டாக்டர்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"யாருக்காகப் பண்ணிக்கிறீங்க?"

கபடிப் பையன்களில் ஒருவன் சிங்கப்பூரில்,
ஒருவன் சுனாமியில் போய்விட்டான்.
அவர்களிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?
தமயந்திக்காகவா?
பதினாலு வருஷமாய் விளக்கணைத்த பிறகுதான் கழற்றுகிறேன்.
ஏன் என்று அவள் கேட்டதேயில்லை.
அதை அன்பு என்று வைத்திருந்தேன்.
வெறும் அசதியாகவும் இருக்கலாம்.
மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில்
சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள்.
ஈரச் சட்டை ஒட்டிக்கொள்ளுமே.
கரையில் நின்று
எல்லோர் செருப்புக்கும் காவல் இருந்தேன்.

"காத்து படணும் டாக்டர்" என்றேன்,
"நேரா."
அதற்கு ஒரு கட்டம் உண்டா என்று
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவசரமில்ல, ரத்த ரிசல்ட்டோட வாங்க,
இன்னொரு டாக்டரையும் கேளுங்க என்றார்.
எடை மட்டும் ஆறு வாரம் தூக்கவே கூடாதாம்.
ஐஸ் பாளம் ஒன்று ஐம்பது கிலோ.
சீட்டுப் பணத்தைச் சமாளிக்கலாம்,
தமயந்தியிடமும் எப்படியோ சொல்லிவிடலாம்.
கம்பெனியில் என்ன சொல்வது?
திரும்பும் பஸ்ஸில் அது ஒன்றைத்தான்
கிருமாம்பாக்கத்திலிருந்து ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் அஞ்சாப்புலியிடம்
"குடலிறக்கம், ஆபரேஷன்" என்றேன்.
"அட, இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"
மரத்தூள் ஒட்டிய கையால்
கைலியை நாலு விரற்கடை இறக்கி,
லாரிக்காரன், மீன்காரம்மா
எல்லோரும் பார்க்க
இடுப்போரத் தழும்பைக் காட்டினான்.
"ஏழு தையல். தொட்டுப் பாரு."
தொட்டேன். ஜில்லென்று இருந்தது.
"உனக்கு ஆனதும் காட்டணும், என்ன?"
என்றான்.