தராத நோட்டு

வல்பராய்சோவில் தீயணைப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது.
பகலில் நான் மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுபவன்;
சங்கு ஊதினால் தலைக்கவசம்.
எங்கள் குன்றில் தெருக்களைவிடப் படிகள் அதிகம்.
யூகலிப்டஸ் உதிர்ந்த பள்ளம்
கோடை முழுக்க
ஒரு தீக்குச்சிக்காகக் காத்துக் கிடக்கும்.

சென்ற தீயில்
நூற்றுப் பதினான்காம் படியருகே ஒருவரை விட்டுவிட்டோம்.
படுத்த படுக்கையாய் இருந்தவர் என்று
எங்களுக்குத் தெரியாது.
பெந்தெகொஸ்தே சபைக்குத் தெரியும்.
செவ்வாய்தோறும் பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறார்கள்.

அதனால்தான் போனேன்,
கோவில் வாசலை மிதித்து இருபது வருடமான நான்,
நீலத் தகரம் வேய்ந்த அந்தச் சபைக்கு.
அவர்களுடைய ஒலிபெருக்கிமேல்
நாங்கள் எழுதிய புகார்கள் மூன்று.
எங்கள் பீர்க் கொண்டாட்டத்தின்மேல்
அவர்கள் எழுதியவை நான்கு.

தேநீர் வந்தது.
கேட்காமலே மூன்று கரண்டி சர்க்கரை.

சகோதரி எதெல்மிராவிடம் ஒரு நோட்டு இருக்கிறதாமே,
யாரால் நடக்க முடியாது,
யாருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய்,
யார் இரவில் தனியாக...
ஒரு நகல் போதும் என்றேன்.
முத்திரை குத்திய ஒப்பந்தம்கூடக்
கொண்டுபோயிருந்தேன்.

எதெல்மிரா பள்ளிக்கூடத்தில் சமைப்பவர்.
வெங்காயம் மணக்கும் கையை நோட்டின்மேல் வைத்துச் சொன்னார்:
"இதில் கால்வலி மட்டும் இல்லை, செயலாளரே.
குடிக்கிற மகன் இருக்கிறான்.
அடிக்கிற கணவன் இருக்கிறான்.
கடவுளிடம் சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னது.
உங்கள் நிலையத்துக்குச் சொன்னது இல்லை."

எரிகிற வீட்டில் என்னம்மா இரகசியம்
என்று கேட்டுவிட்டேன்.
பாஸ்டர் எலியோதோரோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒப்பந்தத்தை மடித்தேன். தேநீர் பாதியில்.

வாசல்வரை வந்து எதெல்மிரா கேட்டார்:
"உங்கள் வண்டியில் ஓர் ஆளுக்கு இடம் இருக்குமா?"

விதிப்புத்தகத்தில் இல்லை.
வண்டியில் இருந்தது.
கேப்டன் நிபால்தோ ஒரு மாதம் முனகிவிட்டு
பழைய கவசம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.
அது அவர் புருவத்தை மறைத்தது.

ஜனவரி, தெற்குக் காற்று, இரவு இரண்டு மணி.
ஓட்டுநர் பக்கத்தில் அவர்; மடியில் மூடிய நோட்டு.
"வளைவு தாண்டி இடப்பக்கம். இரண்டு பேர்.
பெரியவருக்குக் காது கேட்காது, தோளைத் தொடுங்கள்."
"பச்சைக் கதவு. கட்டிலோடு தூக்க வேண்டும்."
"இங்கே நான் முதலில் போகிறேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்."
கேட்கவில்லை.
குழாயைப் பிடித்தபடி
அந்த வாசலுக்கு வெளியே நின்றேன்.
புகைக்குள்ளிருந்து அவர் ஒரு பெண்ணோடு வந்தார்;
அவள் முகத்தை எங்களுக்குக் காட்டாமல்
தன் சால்வையால் மூடியிருந்தார்.

பதினொரு பேர் அன்று.
நோட்டு ஒரு முறைகூடத் திறக்கவில்லை.

ஒலிபெருக்கிமேல் நான்காவது புகார்
போன வாரம்தான் எழுதினேன்.
எதெல்மிராவிடமே கொடுத்தனுப்பினேன்.
சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது,
அல்லது எனக்குப் பழகிவிட்டது.

என் பெயர் அந்த நோட்டில் இருக்கிறதா
என்று ஒரு நாள் கேட்டேன்.
பதில் இல்லை.
தேநீர் ஊற்றினார்.
மூன்று கரண்டி.