தட்டு ஆறும் வரை

கிளினிக்கில் மிஸ்ஸி தாளை நீட்டினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
"காலையில என்ன சாப்பிடுறீங்க, மரியதாஸ்?"
ரொட்டி என்றேன்.
எத்தனை என்றாள்.
எண்ணுவதில்லை என்றேன்.
எண்ணுகிறவள் வீட்டில் இருக்கிறாள்,
அவளும் சொல்வதில்லை.

தாளின் பின்பக்கம்
மிஸ்ஸி எழுதிக் கொடுத்த சொல், கிரனோலா.
பூண்டுலோயாவில் பஸ் நிற்பதற்குள்
நாலு தரம் சொல்லிப் பார்த்தேன்.
ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப்
பக்கத்து சீட்காரர்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஓட்ஸ் அரைக் கிலோ.
விலையைக் கேட்ட பிறகு கால் கிலோ.
மீதிக்குச் சிவப்பு அவல்.
கஜுவுக்குப் பதில் கச்சான்.
பூசணி விதை மூன்று நாள் காய வேண்டும்;
தகரத்தின் மேல் மூடுபனி வந்து வந்து படுத்ததில்
ஏழு நாள் காய்ந்தது.
தேங்காயைத் துருவவில்லை,
நகக்கீற்றாய்ச் சீவினேன்.
கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு,
கித்துள் பாணி இரண்டு கரண்டி.
'இரண்டே' என்பதற்குக் கீழே
கோடு போட்டிருந்தாள் மிஸ்ஸி.
கரண்டி முதுகில் ஒட்டியதை நக்கினது
கணக்கில் வராது.

அருளாயி எட்டிப் பார்த்தாள்.
"கிளி வளர்க்கப் போறீங்களா?"

லயத்தில் அடுப்பு உண்டு.
போறணை நஸ்ருதீன் நானாவிடம்தான்.
இரவு வேலை இல்லாத செவ்வாய், விடிகாலை நாலு மணி,
ராத்தல் பாண் எல்லாம் இறங்கிவிட்ட நேரம்.
தீ தணிந்த செங்கல்லில் மிச்சச் சூடு இருந்தது.
தட்டை உள்ளே தள்ளிவிட்டு
"இருபது நிமிஷம்" என்று நானா போனைப் பார்த்தார்.

நான் பார்க்கவில்லை.
பத்தொன்பது வருஷமாய் இஸ்டோரில்
டிரையர் வாயில் நிற்கிறவன்.
ஒரு மூச்சு பிந்தினால் கருகல் என்று
இலைக்கு முன்னால் அறிகிற மூக்கு இது.
அதற்குத் தனியாய்ச் சம்பளம் கிடையாது.

முதலில் ஈரத் தேங்காய் வந்தது.
அப்புறம் கச்சான் தோல்.
கறுவா எழுந்து எல்லாருக்கும் மேலே நின்றது.
பாணி தன் இனிப்பை விட்டு
வேறொன்றாகத் திரும்புகிற இடத்தில்
"இப்ப" என்றேன்.
"இன்னும் நாலு நிமிஷம் கெடக்கே?"
"இப்ப, நானா."

பொன்னிறம் என்று தாளில் இருந்தது.
பொன் இல்லை,
மழை விட்ட மறுநாள்
ரோட்டோர மண்மேட்டின் நிறம்.

தாளின் கடைசி வரி:
ஆறும் வரை கிளறக் கூடாது.
கிளறினால் பொடி, விட்டால் கட்டி பிடிக்கும்.
இது எனக்குப் பழகாத வேலை.
இஸ்டோரில் இலை கட்டி பிடித்தால்
உடைப்பதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நானாவின் மேசையில் சிந்திய மாவையெல்லாம்
கூட்டித் துடைத்தேன்.
அதற்குள் சூன் பாண் ஓட்டோ
பாட்டைத் திருகிவிட்டு மேட்டில் ஏறிப் போனது.

ஏழு மணி.
கோப்பையில் தயிர், மேலே ஒரு பிடி.
தலைக்குள் கல் உடைக்கிற சத்தம்.
அருளாயி சொன்ன ஒன்றும் காதில் விழவில்லை.
நல்ல சாப்பாடுதான் என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால்
போத்தலில் இரண்டு விரல் குறைந்திருக்கிறது.
சுவரைப் பார்த்து நிற்கிறாள்,
தாடை அசைகிறது.

"கிளிக்கு உப்புக் கொஞ்சம் கூட" என்றாள்.