ஏழாவது பெட்டி

புதுவயலில் விடியும்போது
பதினான்கு லாரிகள் நின்றன.
பத்தரைக்கு முப்பத்தொன்று.
கடைசி வண்டி ரயில்வே கேட்டை மறித்ததும்
மேனேஜர் சொக்கலிங்கம் போனில் கேட்டார்:
"உங்க சாஃப்ட்வேர் தூங்குதாம்மா?"

தூங்கவில்லை.
என் திரையில் எல்லாம் பச்சை.
எடைமேடை நாற்பது நொடியில் எடை சொல்கிறது.
ஈரமானி இருபத்திரண்டு என்கிறது.
சீட்டு தானே பிறந்து
தானே எண் வாங்கி
தானே நடந்துபோய்
எங்கோ ஒரு கதவின் முன் நிற்கிறது.

காரைக்குடியில் பஸ் ஏறினேன்.
மடியில் கணினி, அதற்குள் நான் வரைந்த படம்,
பெட்டிக்குப் பெட்டி அம்பு.
போன மாதம் முதலாளிக்கு இதைக் காட்டி
"இனி எதுவும் யாருக்காகவும் நிக்காது" என்றிருந்தேன்.
தட்டில் கந்தரப்பம் வந்தது.
இரண்டு தின்றேன்.

கேட்டருகே ஒரு டிரைவர்,
சவரிமுத்து, திருவாடானை நெல்.
தார்ப்பாயை விலக்கி
"கைய விட்டுப் பாருங்க" என்றார்.
முழங்கை வரை விட்டேன்.
காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்துச் சூடு.
"மஞ்சப் பாஞ்சிரும். அப்புறம் வெலையில கை வைப்பாக."
கையை எடுத்த பிறகும்
தோலில் தூசி அரித்துக்கொண்டே இருந்தது.

பதிவைத் திறந்தேன்.
நிலுவையில் வெறும் ஒன்பது சீட்டுகள்.
மில்லுக்குள் ஒன்பது வண்டிக்குத்தான் இடம்,
பத்தாவதுக்கு வழியில்லை,
பத்தாவதின் பின்னால் ஊரே நிற்கிறது.
யாரிடம் நிலுவை?
கணக்கர் உமையாள் காலையிலிருந்து ஈ ஓட்டுகிறார்.
குடோன் காதர் உலர்த்தியடியில் கைகட்டி நிற்கிறார்.
விரலை வைத்து அம்பு அம்பாக வந்தேன்.
ஏழாவது பெட்டி.
ஈரம் இருபதைத் தாண்டினால்
அனுமதிப்பவர்: சோ. அழகம்மை.

அது நான்.

சோதனைக்கென்று ஒரு ராத்திரி இட்ட பெயர்.
அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது.
நேற்று பெய்த மழையில்
முதல்முறையாக அந்தப் பெட்டி கண்விழித்து
ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறது,
நான் திறக்காத ஓர் அஞ்சலில்.

ஒன்பது தடவை அழுத்தினேன்.
வெளியே ஒரு லாரி உறுமியது, பிறகு இன்னொன்று.
"என்ன கோளாறு?"
"நான்தான்" என்றேன்.
பணிவாகப் பேசுகிறேன் என்று நினைத்து
சொக்கலிங்கம் சிரித்தார்.

உலர்த்தியின் மேல்தொட்டியில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது.
நெல் அந்த மட்டத்தைத் தொட்டால் சிவக்கும்,
மேலே ஓடும் பட்டை தானே நிற்கும்.
கலுங்கு இல்லாமல் கண்மாய் வெட்டுவாரா யாராவது?
வெட்டியிருந்தேன்.

சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து மாற்றினேன்.
கால்மணி நேரம் பதில் இல்லையென்றால்
சீட்டு உமையாளிடம் போகட்டும்.
இருபத்திரண்டு வரை யாரையும் கேட்கவே வேண்டாம்.
எந்தப் பெட்டியிலும் மூன்று சேர்ந்தால்
கேட்டில் மணி அடிக்கட்டும்,
வண்டி வந்து குவியுமுன்.
உமையாள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.
"நான் லீவு போட்டா?"
காதரின் பெயரைச் சேர்த்தேன்.
"அவரு தொழுகைக்குப் போயிருந்தா?"
அதற்கும் ஒரு அம்பு.
அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.
இந்தக் கேள்விகளை நான்
கந்தரப்பத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

நாலு மணிக்குச் சாலை காலி.
என் பெயரை எடுத்துவிட்டு
கடைசியாக ஒரு சீட்டைப் பின்தொடர்ந்து பார்த்தேன்,
சரியாக ஓடுகிறதா என்று.
சவரிமுத்துவின் வண்டி.
எடை, ஈரம், தரம்.
மஞ்சள் கழிவு, நூற்றுக்கு நான்கு.
இரண்டே நொடி.
எங்கும் நிற்காமல் போயிற்று.