பதினோராயிரத்து நாற்பது பெயர்கள்

ஹம்ரூன் பெருந்தெருவில் இன்று காலை
விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பதாகை ஏறியது.
கறுப்புத் துணி, தங்க எழுத்து:
இன்னும் ஒன்பது நாள்.
எதற்கு என்று போடவில்லை.
போடக்கூடாதாம். ஆவல் தானாக ஊற வேண்டுமாம்,
சொல்கிறார் முதலாளி ஃப்ரேடு,
பஸ்டிட்சியைக் கடித்துக்கொண்டே.
மாவுத் துகள் என் விசைப்பலகையில் உதிர்கிறது.

எங்களுக்குத் தெரியும் எதற்கென்று.
சூதாட்டம் என்ற சொல் எங்கேயும் வராத
சூதாட்ட மாநாடு.
அழைப்பிதழில் ‘துறை’ என்றிருக்கிறது.
பழைய விமானத்தளத்துக் கூடாரத்தில்
நேனுவின் ஆட்கள் ஒட்டுப்பலகையில்
மூன்றாள் உயரத்துக்கு ஒரு சக்கரம் செய்கிறார்கள்.
சுற்றிவிட்டால் நிற்க மாட்டேன் என்கிறதாம்.
பிரேக் கட்டை வாங்க சிசிலிக்கு ஆள் போயிருக்கிறது.

என் வேலை பெயரட்டை.
பதினோராயிரத்து நாற்பது பெயர்.
இயந்திரம் நிமிடத்துக்கு ஆறு துப்பும்;
ஷ்லொக் காற்று அடிக்கிற நாளில் ஐந்து,
ஈரத்தில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பெயருக்குக் கீழே பதவி.
தக்கவைப்புத் துறைத் தலைவர்.
மகிழ்ச்சி அளவீட்டு ஆய்வாளர்.
திரும்ப அழைக்கும் பிரிவு, வட ஐரோப்பா.
ஒரு பாதிரியார்கூட இருக்கிறார், முதல் நாள் ஆசீர்வாதத்துக்கு;
அவருக்கு ஊதா நாடா.
ஆடுகிறவர் என்று ஓர் அட்டை இல்லை.
தேடிப் பார்த்தேன்,
பதவிகளை அகரவரிசையில் அடுக்கி,
இரண்டு முறை.

செவ்வாய் இரவு, ஆறாயிரத்துச் சொச்சத்தில்,
சூடாகக் கையில் வந்து விழுந்தது:
ராய்விஸ் ஓசொல்கால்ன்ஸ். ரீகா.
மதிப்புமிகு வாடிக்கையாளர் உறவு.

ராய்விஸை எனக்குத் தெரியும்.
போன பிப்ரவரி, இரவு இரண்டே முக்கால்,
வாடகைப் பணத்தில் நாற்பது யூரோ மிச்சமிருந்தபோது
‘அன்பு மார்டீஸ், தூங்கவில்லையா?’ என்று கேட்டவர்.
என் பிறந்தநாளுக்கு இருபது இலவசச் சுழற்சி அனுப்பியவர்.
என் அக்கா மறந்த பிறந்தநாள்.
கணக்கை மூடிய மறுநாள்
‘நீங்கள் இல்லாமல் இங்கே வெறிச்சென்றிருக்கிறது’
என்று எழுதினார். அதை நான் அழிக்கவில்லை.
அழகான வாக்கியம்.
மூன்று வாரத்தில் மறுபடி திறந்தேன்.

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.
ஒரு மூலை லேசாக மங்கியிருந்தது.
இன்னொன்று அச்சடித்தேன், சுத்தமாக வரட்டும் என்று.
ஏன் என்று கேட்காதீர்கள்.

‘அப்படி ஓர் ஆளே கிடையாது,’
என்கிறாள் பக்கத்து மேசை டொரியான்.
‘அது வெறும் பெயர். பன்னிரண்டு பேர்
முறைவைத்து உட்கார்ந்து எழுதுவது.
ஐந்து யூரோ பந்தயம்?’
பத்து, என்றேன்.

இன்னும் நான்கு நாள் என்கிறது கம்பம்.
இன்னும் மூன்று.
ஃப்ரேடு இப்போது விசில் அடித்தபடி நடக்கிறார்.
விடுதிகளில் அறை இல்லை, வாடகைக் கார்கள் தீர்ந்துவிட்டன,
துறைமுகத்தில் யாரோ ஒருவரின் வெள்ளைப் படகு
மூன்று கப்பலின் இடத்தை அடைத்து நிற்கிறது.
ஊரே பண்டிகைக்கு முந்தின இரவுபோல
ஒரு மாதிரி நடுங்குகிறது.
நானும்தான். நீல மேல்சட்டையை இஸ்திரி போட்டு
நாற்காலியில் மாட்டிவைத்திருக்கிறேன்.

தட்டுகளை வரிசையாக அடுக்கினோம், அ முதல்.
‘ஓ’ தட்டிலிருந்து அவர் அட்டையை எடுத்து
என் பையில் வைத்துக்கொண்டேன்.
ஏழாவது மேசைக்கு அவர் வருவார். தட்டில் தேடுவார்.
இல்லையே என்பார்.
பெயர்? என்று நான் கேட்பேன்.
அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்.
என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
அதற்குப் பிறகு என்ன என்று
நான் இன்னும் யோசிக்கவில்லை.

கூடாரத்திலிருந்து நேனு போன் செய்தார்.
பிரேக் கட்டை வந்துவிட்டதாம்.
சக்கரம் இப்போது நிற்கிறதாம்.
எந்த எண்ணில் என்று கேட்டேன்.