மூன்று சதுர மீட்டர்

சாவி வாங்கிய நாள். பொங்கோல், பதினான்காம் மாடி.
நீர்த்தேக்கம் தெரிகிறதா என்று நான் சன்னலுக்குப் போனேன்.
சுகிர்தா நேரே பாம் ஷெல்டருக்குள் போனாள்,
இரும்புக் கதவை விரல் மடக்கித் தட்டினாள்.
"இதுக்குள்ள எத்தினை நிக்கலாம்?"
அலமாரி அடித்தால் அரிசி மூட்டை நாலு, என்றேன்.
"ஆக்கள்" என்றாள்.

பக்கத்து வீட்டில் அதற்குள்
புத்தாண்டு விளக்குகள், மடக்கு சைக்கிள்,
யாரும் ஓடாத ட்ரெட்மில்.
எங்களதில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று மட்டும்.
மாதம் பிறந்தால் தண்ணீர் மாறும்.
அம்மா வரும்போதெல்லாம் முணுமுணுப்பார்:
பெட்டியெல்லாம் கட்டிலுக்கு அடியில,
நல்ல ரூமு சும்மா கெடக்கு.

ஜூலை. தேசிய தின ஒத்திகை.
சனிக்கிழமை மாலை ஐந்து விமானங்கள்
புளோக்கின் தலையை உரசிப் போகும்.
மகிழன் காலுறையோடு காரிடாருக்கு ஓடுவான்,
இரண்டு கையும் ஆட்டுவான்.
கீழே கூடைப்பந்துத் திடலில் விசில்.
வெங்காயம் அரியும் கத்தி நிற்கும்.
அவள் உதடு எண்ணும்: ஒன்று, இரண்டு.
எதுவும் விழாத பிறகும் எண்ணும்.
ஒன்பதுக்கு மேல் அவளிடம் எண் இல்லை.
மறுபடி ஒன்று.

நான் இரண்டு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவன்.
ரிசர்விஸ்டுக்கு இன்னும் போகிறேன்.
குண்டு கிளம்பும் சத்தம் எனக்குத் தெரியும்;
காதில் அடைப்பான், பிறகு பொட்டலச் சோறு.
வந்து சேரும் சத்தம் அவளுக்குத் தெரியும்.
ஒரே கட்டிலில் படுக்கிறோம்.

ஒரு தடவைதான் சொன்னாள், துணி மடிக்கையில்:
"மண்மூட்டைக்குச் சீலை காணாமல்
அம்மான்ர கூறையை வெட்டித் தைச்சனாங்கள்.
மழைக்குச் சாயம் போய்
பங்கருக்குள்ள தண்ணி சிவந்து கிடந்தது.
தம்பி அதைக் கண்டு பயந்து
வெளியில ஓடிட்டான்."
பிறகு பள்ளிச் சட்டையின் காலரை நீவினாள்.
நெடுநேரம் நீவினாள்.
தம்பியின் பெயரை நான் கேட்கவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

போன சனிக்கிழமை மகிழன் ஒளிந்து விளையாட
அதற்குள் போய் நின்றான்.
விமானம் அப்போதுதான் வந்தது.
அவள் ஓடிப்போய் அவனோடு கதவைச் சாத்தினாள்.

நான் வெளியே நின்றேன், என் வீட்டுக் கதவின் முன்னால்
விருந்தாளி போல.
உள்ளே இரண்டு குரல் சேர்ந்து எண்ணியது.
அவனுக்கு அது விளையாட்டு.
எட்டு. ஒன்பது.

பத்து என்றான். அவன் குரல் மட்டும்.

அடுப்பில் வெங்காயம் கருகும் வாசனை.
அணைக்கப் போகவேண்டும்.