பால் கணக்குக் கொப்பி

கிரானில் பெற்றோல் அடித்து,
பக்கத்துக்கு இரண்டாய்க் கான்களைக் கட்டி,
பாலம் தாண்டியதும் எதிரே வரும் குடும்பிமலை.
சுற்றிவரத் தட்டையான தரையில்
அது மட்டும் எழும்பி நிற்கிறது,
முடிந்த கொண்டையை அவிழ்க்க மறந்ததுபோல.

புலிபாய்ந்தகல்லில் நாலு லீற்றர்.
புலியைக் கண்டவர் எவருமில்லை.
கல்லில் சீலை காய்கிறது.

பேரில்லாவெளி என்று பேர் வைத்த ஊரில்
தெய்வானைப்பிள்ளை பதினொன்று ஊற்றுவாள்.
லாக்டோமீட்டர் கொஞ்சம் கூடவே அமிழும்.
"மழைக்குள்ள மேஞ்ச மாடு மனே,
தண்ணி புல்லுக்குள்ளால வந்திருக்கும்."
நான் பத்து என்று எழுதுவேன்.
அவள் பார்க்காததுபோலப் பார்ப்பாள்.

மலையின் குடும்பி இடப்பக்கம் சாய்ந்ததாம், அவள் சொல்கிறாள்.
வலப்பக்கம் என்று வாளியில் தட்டிச் சொல்கிறான்
மினுமினுத்தவெளி அழகரெத்தினம்.
இதிலேயே இரண்டு ஊருக்குமிடையில்
ஒரு கலியாணம் குழம்பியதாகவும் கேள்வி.
இரண்டு இடத்திலும் தலையாட்டுகிறேன்.
பால் எடுக்கிறவனுக்கு
மலையைப் பற்றி அபிப்பிராயம் கூடாது.

மாரியில் பாலம் தாழும்.
தோணிக்குள் நான், கான்கள், ஒரு ரீச்சர்,
செருப்பைக் கையில் பிடித்த பிள்ளைத்தாய்ச்சி.
அன்றைக்குக் குடும்பியைப் பற்றி ஒருவரும் பேசார்.
கம்பு ஊன்றும் சத்தம் மட்டும்.

இந்த வருசம் எண்கள் இறங்குகின்றன.
பதினொன்று எட்டானது. எட்டு, மூன்றரை.
மேய்ச்சல் தரையில் சோளம் முளைத்திருக்கிறதாம்.
யார் விதைத்தது என்று கேட்டால்
மாட்டின் காதைத் தடவுகிறார்கள்.

அழகரெத்தினத்தின் சிவப்பி திரும்பி வந்தாள்,
பின்தொடையில் ஒரு வெட்டோடு.
மற்ற இரண்டும் வரவேயில்லை.
அவன் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் குந்தியிருந்தான்.
பூச்சியம் போடக் கை வரவில்லை.
கோடு ஒன்று இழுத்தேன்.

அடுத்த நாள் காலை
தெய்வானைப்பிள்ளை கொப்பியை வாங்கிப் புரட்டினாள்.
எழுத்துத் தெரியாது, கோடு தெரியும்.
"என்ட கணக்கில ரெண்டு லீற்றர்
அவன்ட பேருக்குப் போடு.
பச்சப்பால். உன்ட கம்பிய விட்டுப் பாரு."

விட்டேன்.
அமிழவில்லை, நிமிர்ந்து நின்றது.

"ஆனா குடும்பி இடப்பக்கந்தான்,
அதையும் அவனிட்டச் சொல்லு."

திரும்பும் வழியில் சைட் கண்ணாடிக்குள் மலை,
வலம் இடமாய், இடம் வலமாய்.
பார்க்க நினைத்தேன்.
பள்ளம் ஒன்று வந்தது,
கான்கள் தளும்பின,
ஒரு கையால் மூடியை அமத்திக்கொண்டேன்.