மூன்றரை லிட்டர்

குளியல்தொட்டியில் ஓட்ஸ் வைக்கோல் ஊறுகிறது.
மூன்று நாளாக நான் குளிக்கவில்லை.
ஆர்க்னியில் டிசம்பர். மாலை மூன்றரைக்கெல்லாம்
ஜன்னலில் கடல் போய் என் முகம் வந்துவிடுகிறது.

இசோபெல் ஃப்ளெட் கேட்டது
எட்வினை வைக்க ஒரு கூடை, மூடியோடு.
சுற்றிவைக்க ஒரு துணி.
"மூடி இறுக்கமாக வேண்டாம், தோரா.
கதவைச் சாத்தினால் அவருக்குத் தூக்கம் வராது."

எங்கள் தீவுகளில் உடலை எரிக்க இடமில்லை.
கப்பலேறிப் போனவர்
பழுப்பு நிற பிளாஸ்டிக் டப்பாவில் திரும்பினார்,
இசோபெலின் மடியில், டிக்கெட் இல்லாமல்.

சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவரைப் பிடிக்காது.
ஆறு வருடம் முன்பு கிர்க்வால் கண்காட்சியில்
என் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து
அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:
"முந்நூறு பவுண்டா? இதில் உருளைக்கிழங்கு நிற்குமா?"
சிரித்தவர்கள் பெயரெல்லாம் இன்றும் சொல்வேன்.

சுருள்கூடையின் முதல் சுற்று
நகக்கண் அளவு. அதில் ஊசி நுழையாது.
நுழைக்க வேண்டும்.
ஈர வைக்கோலைத் தன்மேலேயே வளைத்துப் படுக்கவைத்து
கீழ்ச்சுற்றைக் கவ்வி, மெழுகு நூலால் தைத்து,
மறுபடி கவ்வி.
பிடிக்காத ஆளுக்குத் தைத்தால்
நூல் தானாகவே ஒரு பிடி கூடுதலாக இறுகுகிறது.
ஏழாவது சுற்றில் அடி குவிந்து
கூடை மேசையில் பம்பரமாக ஆடியது.
முழுவதும் பிரித்தேன்.

இரண்டாம் முறை
வானொலியில் கடல் வானிலை கேட்டுக்கொண்டே தைத்தேன்.
தென்மேற்கு ஏழு, சிலசமயம் எட்டு,
பிறகு மழை, பார்வைத் தொலைவு மிதம்.
இதில் யாரையும் வெறுக்க இடமில்லை.
அடி தட்டையாக உட்கார்ந்தது.

துணிக்குப் பாவு ஆளி நூல், முந்நூற்றுப் பன்னிரண்டு இழை.
ஊடைக்கு, வடக்குத் தீவில் கடற்பாசி மேயும்
ஆடுகளின் கம்பளி. சாயம் போடவில்லை.
பாவு பொறுத்துக்கொள்ளும். இழுபட்டு நிற்பதே அதன் வேலை.
ஊடைதான் ஊடும்:
விறைப்பாகப் போகும், கரையைத் தொட்டதும்
மனம் மாறித் திரும்பி வரும்.
அந்த வீட்டில் யார் பாவு, யார் ஊடை என்று
நாடாவை எறியும்போதெல்லாம் யோசித்தேன்.
அதனால்தான் இருக்கும்,
பாதித் துணியில் தப்பான மிதியை மிதித்துவிட்டேன்.
ஒரே ஒரு வரி மற்றவை போகாத பக்கம் சாய்கிறது.
கண்ணில் பட்டபோது அதைத் தாண்டி ஒரு சாண் நெய்தாகிவிட்டது.
அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன்.
வெட்கமாக இருந்தது.
ஆனாலும் பிரிக்கவில்லை.

கூடை முடிந்ததும் பார்லி கொட்டி அளந்தேன்.
துறைமுகப் பாதையை அடைத்துக்கொண்டு நடந்த மனிதர்
மூன்றரை லிட்டர்.
இடுக்கில் மாட்டிய மணிகளை ஊசியால் நெம்பினேன்.
ஒன்று மட்டும் வரவில்லை.
கிடக்கட்டும், பேச்சுத்துணைக்கு.

ஜூலையில் இசோபெல் வந்தாள்.
இரவு பத்து மணி, கோழிகள்கூட அடையவில்லை,
அவ்வளவு வெளிச்சம்.
"கொட்டிவிட்டேன், தோரா.
காற்று திரும்பிவிட்டது. கோட்டு முழுக்க அவர்தான்,
வாயில்கூடக் கொஞ்சம்."
கழுத்தில் அந்தத் துணி,
தப்பு வரி வெளியே தெரியும்படி.
இடுப்பில் கூடை, மூடி இல்லை.
உள்ளே புது உருளைக்கிழங்கு, மண்ணோடு.

"நிற்கிறது, பார்" என்றாள்.
அன்று சிரித்தவர்களில்
இவள் மூன்றாவது பெயர்.

கிழங்கைக் கழுவினேன்.
கூடையின் இடுக்குகளைப் பார்த்துவிட்டு
இன்னொரு முறை கழுவினேன்.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
வெண்ணெய் எங்கே என்று மட்டும் கேட்டாள்.
அடுப்படியில் நின்றபடியே தின்றோம்,
சூடு பொறுக்காமல்
கிழங்கைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு.